மழை நாளும் நாள்தான்

காற்று மூடியைத் தூக்குகிறது. "அடங்கு. ரெண்டு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா உன்னால?" என்று காற்றைத் திட்டிக்கொண்டே பெட்டியக்கா ஒரு கையால் மூடியை அழுத்துகிறார். மறு கை பக்கத்தில் கிடக்கும் அரைச் செங்கல்லைத் துழாவி எடுத்து மூடியின் உச்சந்தலையில் வைக்கிறது. செங்கல் உட்கார்ந்ததும் மூடி வாயைப் பொத்திக்கொள்கிறது. அதன் பிறகுதான் அவர் சேற்றில் மண்டியிட்டு, மூடியின் நடுவிலுள்ள ரப்பர்த் துளையில் ஊசியைக் குத்தி, உள்ளேயிருக்கும் காற்றை மெதுவாக இழுக்கிறார்.

வழியில் போகிறவர்களுக்கு இது நல்ல வேடிக்கை. மண்ணில் பாதி புதைந்த இரும்பு வளையம், அதன்மேல் கவிழ்த்த வெள்ளைப் பெட்டி, பெட்டிக்கு ஊசி போடும் ஒரு பெண்மணி. மண்ணுக்குக் காய்ச்சலா என்று கேட்காத ஆள் அந்தச் சுற்றுவட்டத்தில் இல்லை. முதலில் கேட்டவரிடம் சிரித்துக்கூட இருப்பார். இப்போதெல்லாம், "ஆமா, நீங்க போட்ட சாப்பாடு ஒத்துக்கல" என்று பதில் வருகிறது.

பதிலில் பாதிதான் கிண்டல். வயலுக்குப் போடுகிற சாணமோ மூட்டை உரமோ, பயிர் தின்றது போக மிச்சம் ஈர மண்ணில் கிடந்தால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஒரு வாயுவை வெளியே விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஆனால் உலகத்தைச் சூடாக்குவதில் கரியமில வாயு இதன் கால் தூசு பெறாது. பல் பிடுங்கும்போது வலி தெரியாமலிருக்க மருத்துவர்கள் கொடுக்கும் சிரிப்பு வாயு இதேதான். "என் பொழப்பப் பாத்துச் சிரிக்கிறதுக்குன்னே மண்ணுக்குள்ளேருந்து வருது" என்பார் அக்கா. இழுத்த காற்றைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, முட்டை வாங்கிய அட்டையில் குழிக்கு ஒன்றாக நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போவார். அவர் வீட்டில் முட்டை மற்றவர்களுக்கு, அட்டை அவருக்கு.

உத்தியோகத்தின் பெயர் நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், ரசாயன உரம் போட்ட விவசாயமும் இயற்கை விவசாயமும் நிலத்திலும் நீரிலும் காற்றிலும் எவ்வளவு தடம் பதித்துவிட்டுப் போகின்றன என்று அளந்து ஒப்பிடுவது. பட்டம் படித்து, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. ஆனால் அந்த நீளப் பெயரை யார் சொல்கிறார்கள்? பெட்டியோடு திரிகிறார், அதனால் பெட்டியக்கா. சொந்தக்காரர்களிடையே இன்னொரு பெயரும் உண்டு. அது அவருடைய வாயாலேயே வந்தது.

கல்யாண வீடோ, பேருந்து நிறுத்தமோ, இவர் வேலை என்னவென்று தெரிந்த மாத்திரத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: சரி, கடைசியில் எதுதான் நல்லது? கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏக்கருக்கா, கிலோவுக்கா?" என்று திருப்பிக் கேட்பார். ஒரு ஏக்கருக்கு இவ்வளவு வாயு என்று பார்த்தால் இயற்கை வயல் பெரும்பாலும் சாது. ஆனால் அந்த ஏக்கரில் விளைச்சல் குறைவு. அதே வாயுவைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பிரித்தால் இடைவெளி குறைந்துவிடும்; சில வருஷம் தலைகீழாகவும் போகும். தண்ணீருக்கு ஒரு கணக்கு, தேனீக்கு ஒரு கணக்கு, உரத் தொழிற்சாலையின் புகைக்கு ஒரு கணக்கு. "தராசு ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கு. எதுல ஏறி நிக்கறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்று அவர் ஆரம்பித்தால் கேட்டவர் சாப்பாட்டுப் பந்தியைத் தேடிக்கொண்டு நழுவிவிடுவார். அதனால் சொந்தத்தில் அவர் பெயர் 'ஏக்கரா கிலோவா'. காபி வேண்டுமா என்று கேட்கும்போதுகூட, "ஏக்கருக்கா கிலோவுக்கா அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்பதுண்டு. அக்காவுக்குச் சிரிப்பு வராது. அவர் நிஜமாகவே இந்த விஷயத்தில் எரிகிறவர்.

எரியாமல் என்ன செய்வது? அவர் எழுதுகிற வாக்கியத்துக்கு எப்போதும் இரண்டு பாதிகள். ஆளுக்கொரு பாதியைக் கடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு வருஷம் உரக்கடைக்காரர் ஒருவர் கிலோக் கணக்கை மட்டும் பிய்த்து எடுத்துத் துணியில் அச்சடித்து, கடை வாசலில் கட்டிவிட்டார். மறு வருஷம் இயற்கைக் காய்கறிக் கண்காட்சியில் ஏக்கர்க் கணக்கு மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது. அக்கா இரண்டு இடத்துக்கும் போய்ச் சண்டை போட்டார். இரண்டு இடத்திலும், "நீங்க எந்தப் பக்கம்மா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டாவது சண்டை முடிந்து வீடு திரும்பி, "பக்கமாம் பக்கம். அளவுகோலுக்கு ஏதுங்க பக்கம்?" என்று கணவரிடம் கத்தித் தீர்த்தார். கணவர் பேருந்து ஓட்டுநர், பொறுமைசாலி. கத்தல் அடங்கும்வரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவால் வீட்டில் பெரிய தொல்லை மழை நாளில்தான். "மழை வந்தா எல்லார் வீட்டுலயும் துணி எடுக்க ஓடுவாங்க. நம்ம வீட்டுல பெட்டிய எடுத்துக்கிட்டு ஓடுவாங்க" என்பார் கணவர். துணி நனைந்து கிடக்கும். தம்பி புது வீடு கட்டிக் குடிபோன அன்று உறவெல்லாம் கூடியிருக்க, இருட்டிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்த அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு வயலுக்கு ஓடிவிட்டார். தம்பி மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. மறக்கிற விஷயமும் இல்லை.

ஆனால் அக்காவின் நியாயம் வேறு. வருஷம் முழுக்க மண் அமைதியாகத்தான் இருக்கும். உரமோ எருவோ போட்ட பிறகு மழை பெய்கிற சில நாட்களில்தான் அது உள்ளே வைத்திருந்ததையெல்லாம் கக்கும். அந்த நாட்களை விட்டுவிட்டு வெயில் நாளில் போய் அளந்தால் எந்த வயலும் உத்தமமாகத்தான் தெரியும். "வருஷம் பூரா ஒழுங்கா இருக்கிறவன், சம்பள நாளன்னைக்கு மட்டும் குடிச்சிட்டு வந்து வீட்ட நொறுக்குறான். அந்த நாள விட்டுட்டு அவனுக்கு நற்சான்று குடுப்பீங்களா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியால்தான் வினை வந்தது.

அவர் அளப்பது இரண்டு வயல்கள். இரண்டிலும் உருளைக்கிழங்கு. மேட்டில் இருப்பது மூட்டை உரம் போடுகிற ஒரு பெரியவருடையது; மேட்டுக்காரர் என்று பெயர். பள்ளத்தில் இருப்பது இயற்கை விவசாயம் செய்கிற வயல். அது அக்காவின் சொந்தத் தம்பியுடையது. தம்பி வயல் வேண்டாம், நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தொடக்கத்திலேயே அவர் சொல்லிப் பார்த்தார். நிலையத் தலைவர் கேட்கவில்லை. சொந்த வயல் என்றால் அனுமதி சுலபம் என்றார். தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சராசரி. ஒருவர் ஜன்னலைத் திற என்றும் இன்னொருவர் மூடு என்றும் சண்டை பிடித்தபோது, பாதி திறந்து வையுங்கள் என்று தீர்ப்புச் சொன்னவர். அன்று சாரலடித்து இருவருமே நனைந்தார்கள்.

மேட்டுக்காரர் ஆரம்பத்தில் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் பெட்டியருகே வந்து குந்தி, இது என்னதான் சொல்லுகிறது என்று கேட்டார். மொத்த உரத்தையும் ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், மழைக்கு முன்னால் போடாதீர்கள் என்று அக்கா சொன்னார். மனிதர் அப்படியே செய்தார். பூச்சி மருந்து அடிப்பதை மட்டும் விடவில்லை. அதற்கும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். தேனீ எண்ணினால் தம்பி வயல்தான் ஜெயிக்கும், அதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

தம்பி கதை வேறு. நல்ல உழைப்பாளி, வயலில் விஷம் ஒரு சொட்டு விழ விடமாட்டான். ஆனால் ஒரு பழக்கம். மேகம் கூடினால் போதும், பச்சைச் சாணத்தை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வயல் மேலே பரப்பிவிடுவான். மழை வந்து உள்ளே இறக்கிவிடுமாம், கொத்திப் புதைக்கிற வேலை மிச்சமாம். மழை பாதியை உள்ளே இறக்கும். மீதியில் கொஞ்சம் ஓடைக்கும் கொஞ்சம் வானத்துக்கும் போகும். அந்த நாட்களில் தம்பி வயலின் குப்பிகளைச் சோதித்தால், கருவியின் கோடு தாளின் உச்சியைப் போய் முட்டும். மக்க வைத்துப் போடடா, மண்ணில் புதைத்து மூடடா, மழை ஓய்ந்த பிறகு போடடா என்று அக்கா தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். அதை மட்டும் செய்தால் மழை நாளைச் சேர்த்துக்கொண்டே அவன் ஜெயிக்கலாம் என்பது அவர் கணிப்பு.

"இயற்கையானது எப்படிக்கா கெடுதல் பண்ணும்?" என்றான் தம்பி.

"மாடு போட்டதுன்னா வானம் மன்னிச்சு விட்டுருமாடா?"

அவன் காதில் வாங்கவில்லை. இரண்டு காது இருப்பதே இதற்குத்தான் என்பதுபோல் ஒன்றில் வாங்கி மற்றதில் விட்டான்.

இந்த நிலைமையில் விவசாயிகளின் கொள்முதல் சங்கம் ஒரு முடிவெடுத்தது. இரண்டு முறைகளில் எதன் தடம் சிறியதோ அதற்குப் பச்சை இலை முத்திரை. இனிமேல் மருத்துவமனைக்கும் பள்ளிச் சமையலறைகளுக்கும் இலை குத்திய மூட்டை மட்டும்தான் போகும். எது சிறியது என்று ஆராய்ச்சி நிலையம் ஒரே ஒரு எண்ணில் சொல்ல வேண்டும். ஒரே எண்! அக்கா அன்றைக்கே தலையில் கைவைத்துக்கொண்டார். போதாததற்கு, சங்கத் தலைவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கடையில் விற்பதே இயற்கைக் காய்கறிதான்.

சராசரி, அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. வயலுக்கு ஒன்று; மேலே ஏறினால் வாயு அதிகம். மழை நாட்களைச் சேர்த்தால், ஏக்கருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டன. கிலோவுக்குப் பார்த்தால் தம்பி வயல் மேலே நின்றது. மழை நாட்களை எடுத்துவிட்டால் தம்பி வயல் அழகாகக் கீழே இறங்கிவிடுகிறது. சராசரி சுட்டியை இப்படியும் அப்படியும் தட்டிக் காட்டினார். ஒரு தட்டில் பாவி, மறு தட்டில் புண்ணியவான்.

"மழை நாளெல்லாம் விதிவிலக்கும்மா. வழக்கமான நாள வெச்சுத்தான் முடிவு சொல்லணும்."

"மழை விதிவிலக்கா? அப்ப பயிர் எதுல சார் வளருது?"

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமும் சராசரிதான். நாற்காலியில் சாய்ந்து, இளகிய குரலில், "உங்க தம்பிக்கு நல்லதுதானே வருது. நீங்களே ஏன் குறுக்க நிக்கறீங்க?" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் அக்காவைக் கொளுத்திவிட்டது. தம்பி வயல் வேண்டாம் என்று இவர் சொன்னபோது கேட்காத மனிதர், இப்போது அந்தத் தம்பியையே தூண்டிலில் மாட்டி நீட்டுகிறார். நனைந்து, வழுக்கி விழுந்து, வீட்டு விசேஷத்தை விட்டு, கூடப்பிறந்தவன் மனைவியிடம் பேச்சு வாங்கி அளந்த நாட்கள் அவை. அவற்றை ஒரு தட்டில் இல்லாமல் ஆக்கிவிட்டு, அதற்கு நன்றியும் சொல்ல வேண்டுமாம். அக்கா எழுந்து நின்றார். "தம்பிக்கு நல்லது பண்ணணும்னா அவன் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேச்சுக் குடுப்பேன் சார். கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அடுத்த அறைக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

கேட்டு என்ன பயன்? அறிக்கை வேறொருவர் கையெழுத்தில் வெளிவந்தது. மழை நாட்கள் அதில் இல்லை. அப்படி நாட்கள் இருந்தன என்கிற தகவலும் இல்லை. படிக்கிறவர்கள் இந்த ஊரில் மழையே பெய்யாது என்று நினைத்துக்கொள்ளலாம். இன்னொரு அக்கிரமமும் நடந்தது. இனி மழையில் யாரும் வயலுக்குப் போய் அளக்க வேண்டாம், ஊழியர் உடல்நலம்தான் முக்கியம் என்று சராசரி கூட்டத்தில் அறிவித்தார். இத்தனை வருஷம் நனைந்தபோது வராத அக்கறை. நிலையத்தில் சிலர் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

சில நாள் கழித்து மேட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருப்பார் என்று அக்கா தயாராக நின்றார். அவரோ தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். பள்ளிக்கூடத்துக்கு இனி அவர் கிழங்கு போகாது; அவருடைய பேத்தி படிக்கிற பள்ளிக்கூடம்.

"நீங்க சொன்னீங்கன்னுதாம்மா பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன். வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம்" என்றார். செம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. மேடு பள்ளம் பார்க்காமல் மழை பெய்கிறது. ஆனால் அளந்த மழையை அழித்தால் அந்த நஷ்டம் முழுவதும் மேட்டுக்காரர் தலையில்தான் விடிகிறது. அதுவும் சொன்னதைக் கேட்டவர் தலையில். கேட்காதவனுக்கு இலை.

தம்பி வீட்டில் இனிப்பு. வயல் வாசலில் ஆளுயரக் கம்பம் நட்டு, பச்சை இலை வரைந்த தகரப் பலகை மாட்டினான். அக்கா பார்க்கப் போகவில்லை. அவனே தேடி வந்தான். "ஊரே ஒத்துக்கிச்சு, நீ மட்டும்தான் ஒத்துக்கல. கூடப்பிறந்தவன் நல்லா இருக்கிறது உனக்கு ஏன்கா பொறுக்கல?" என்று வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனான். அக்கா அன்று முழுக்க முட்டை அட்டைகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கணவர் உரிக்க வெங்காயம் தீர்ந்துபோய் பூண்டு எடுத்தார். அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தியது அன்றிலிருந்துதான்.

பிறகு ஒரு காலையில் மேகம் திரண்டது. முந்தின நாள் மாலை தம்பி வயலுக்குச் சாணவண்டிகள் போனதைக் கணவர் பேருந்திலிருந்து பார்த்திருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டார். அக்கா நிலையத்துக்குத் தொலைபேசி செய்து விடுப்புச் சொன்னார். உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். ரப்பர் காலணி, முட்டை அட்டை, பெட்டி. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனார்.

வயலை எட்டும்போது மழை கொட்டுகிறது. பரப்பிய சாணம் கரைந்து, பாத்தியெல்லாம் பச்சை கலந்த பழுப்பாக ஓடுகிறது. வரப்பில் தம்பி குடை பிடித்து நிற்கிறான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. நேரே போய் வளையத்தைத் துடைத்து, பெட்டியைக் கவிழ்த்தார். காற்று மூடியைத் தூக்கியது. அழுத்தினார், கையை எடுத்ததும் மறுபடி தூக்கியது. பக்கத்தில் துழாவினார். செங்கல்லைக் காணோம்.

சுற்றிலும் பார்த்தார். வயல் வாசலில் பலகைக் கம்பம். ஈர மண்ணில் அது ஆடாமலிருக்க, அடியில் முட்டுக்கொடுத்துச் செருகியிருந்தது ஓர் அரைச் செங்கல். அதன் முதுகில் வெள்ளைப் பெயின்ட் கோடு. காணாமல் போகக்கூடாது என்று அக்கா தன் கையால் போட்ட அடையாளம்.

அவர் எழுந்து அங்கே போவதைப் பார்த்துத் தம்பி வரப்பிலிருந்து இறங்கினான்.

"அக்கா, அத எடுக்காத. பலகை சாஞ்சுரும்."

"செங்கல் என்னுது."

குனிந்து, இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். சேறு விட மறுத்தது, அவரும் விடவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்தது. முதுகுக்குப் பின்னால் கம்பம் சரிந்து, பச்சை இலை குப்புறச் சாணத் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. செங்கல்லைக் கொண்டுபோய் மூடியின்மேல் வைத்தார், மண்டியிட்டார், ஊசியைக் குத்தி இழுக்க ஆரம்பித்தார்.